மாப்பிள்ளைக்குப் பிடித்த பீர் எது?

புதுச்சேரிக்குப் பீர் குடிக்கப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். நான் போன ஆடி மாதம் போனது படையலுக்காக. என் தங்கச்சி மலரின் வீட்டுக்காரர் செந்தில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை இலையில் வைப்போம். பீடி பிடித்தவருக்கு பீடி, பிராந்தி பிடித்தவருக்கு குவார்ட்டர். மாப்பிள்ளை வேலை பார்த்தது புதுச்சேரியில் ஒரு சின்ன பீர்க் கடையில். அங்கேயே காய்ச்சி, அங்கேயே விற்கிற கடை. மாசம் இரண்டு தடவை அழுக்குத்துணிப் பையோடு அரியலூருக்கு வருவார். பையிலிருந்து ஒரு வாடை வரும். மலர் அந்தப் பையை வாசலிலேயே வைக்கச் சொல்லுவாள், பல நாள் அவரையும். "நான் குடிக்கறதில்ல" என்பார். பீர்க் கடையில் வேலை பார்க்கிறவர் சொன்னால் யார் நம்புவார்கள்? "மீனு தண்ணி குடிக்காதா மாப்ள?" என்று நானும் ஓட்டியிருக்கிறேன்.

படையலுக்கு முன்னால் மலர் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணே, உசுரோட இருந்தப்ப வாசல்ல நிக்க வச்சேன். அவரு காய்ச்சினதுல அவருக்கு எது புடிக்குமோ அத வாங்கிட்டு வா. டவுன் கடை பீரெல்லாம் வேணாம்."

"எதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"எல்லாத்தையும் குடிச்சுப் பாரு. உனக்கு என்ன கசக்குதா?"

செவ்வாய்க்கிழமை என் ஊர் குரும்பலூரில் இருந்து பெரம்பலூர் வந்து, அரியலூர் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம். பெரம்பலூருக்கு ரயில் வரப்போகிறது என்று நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அரியலூர் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். விழுப்புரம் வரை இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துப் போய்விடுங்கள், வழியில் கிடைப்பது வெந்நீர்தான்.

கடையில் ஆறு பீரும் சின்னச் சின்ன டம்ளரில், ஒரு பலகையில் வரிசையாக வரும். அறுநூறு ரூபாய். முதலாவது டவுன் கடையில் விற்கிற மாதிரியேதான், விலைதான் வேறு. கோதுமை பீரில் வாழைப்பழ வாசம். மாம்பழ பீர், ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர். கசப்பு பீர், நிலவேம்புக் கஷாயத்தில் ஆரஞ்சுத் தோலைப் போட்ட மாதிரி. சிவப்பு பீர் தேவலை, கருகாத வெல்லப்பாகு. கறுப்பு பீர், கடலையை அடுப்பில் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப்போனவள் வறுத்தது. ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக்கொண்டு, இதுவா மாப்பிள்ளை, இதுவா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் உயிரோடு இருக்கும்போதே அதிகம் பேச மாட்டார்.

பீர் காய்ச்சுகிற அந்தோணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"வெளிய குடுத்தனுப்ப எங்களுக்கு அனுமதி இல்லண்ணே."

"ஒரே ஒரு பாட்டில். செத்தவருக்குத்தான்."

"அதுக்கில்லண்ணே. செந்தில் அண்ணன் இதுல ஒண்ணும் குடிக்க மாட்டாரு. என்கூட நாலு வருஷம் இருந்தாரு, ஒரு வாய் தொட்டதில்ல."

"பொய் சொல்லாதீங்க. துணியெல்லாம் அந்த வாடைதானே?"

"தானியம் வேக வச்ச வாடை அது. சக்கையை அள்ளிக் கொட்றது அண்ணன் வேலை. மேலெல்லாம் ஒட்டிக்கும், எத்தனை தடவ குளிச்சாலும் போவாது."

எனக்கு ஆறு டம்ளர் போதையும் இறங்கிவிட்டது.

"அப்ப அவருக்கு எதுதான் புடிக்கும்?"

அந்தோணி சிரித்தார். "காய்ச்சுற அன்னிக்கு டம்ளரோட வந்து நிப்பாரு. நாளைக்குக் காலையில வாங்க, காட்டறேன்."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் போனேன். முளைகட்டி வறுத்த பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடிக்கிறார்கள். இனிப்பாக, தேன் நிறத்தில் ஒரு தண்ணீர் வருகிறது. அதற்குப் பிறகுதான் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுவது எல்லாம். அதுவரைக்கும் குழந்தைக்கும் கொடுக்கலாம். மாப்பிள்ளை குடித்தது அது ஒன்றுதான். என் டீ ஃபிளாஸ்க்கைக் கழுவி அந்தோணியே பிடித்துக் கொடுத்தார்.

எல்லையில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி, ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார்.

"பார்லித் தண்ணியா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"மாப்பிள்ளைக்கு சார்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் சார் இருக்காரு."

அன்று சாயங்காலமே படையல். இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, முறுக்கு. மலர் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். டம்ளரில் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது அவரு சட்ட வாசம்."

அந்தோணி சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. டம்ளரில் ஊற்றி போட்டோவுக்கு முன்னால் வைத்தாள், சூடம் காட்டினாள். பிறகு அதை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"பாயாசம் மாதிரில்ல இருக்கு. இதுக்கா அந்த மனுசன வாசல்ல படுக்க வச்சேன்?"

 நான் முறுக்கை உடைத்துப் பாதியை அவள் கையில் கொடுத்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பீருக்கு மட்டும் என்றால் எந்த நாளும் போகலாம், சிவப்பைக் கேளுங்கள், மாம்பழத்தை விட்டுவிடுங்கள். பாட்டிலில் வாங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். நான் போனபோது காய்ச்சுவது புதன்கிழமை காலையில், போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போனால் அந்த இனிப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் கிடைக்கும். ஆனால் அன்றைக்குப் போட்டிருக்கும் சட்டையில் வாடை ஏறிவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், சொன்னால் நம்புகிற வீடாக இருந்தால்.

ஃபிளாஸ்க் இன்னும் மலரிடம்தான் இருக்கிறது. ஒரு தடவை கேட்டேன். கழுவித் தருகிறேன் என்றாள். கழுவ வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.