வேலிக்குள் நின்ற மான்

எங்களை அடைத்துவைக்க வேண்டும் என்று யாரும் அந்த வேலியைப் போடவில்லை. ஒரு கம்பனி வாங்கிய நிலத்துக்குள் எங்கள் வாடகை வீடும் இருந்தது, அவ்வளவுதான்.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே, ஒரு பண்ணைக்காரரின் வயலோரத்தில் இருந்த சின்ன வீடு அது. கோதுமை வெட்டி முடிந்து குளிர் தொடங்கினால் அந்த வயலும் அதன் பின்னால் இருந்த பற்றைக்காடும் வேட்டைக்காரர்களுடையவை. பண்ணைக்காரரிடம் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த சிலர் சனிக்கிழமைகளில் எங்கள் முற்றத்தில்தான் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவி, என் கணவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு டேனிஷ் பெண். அவர்தான் என் கணவரையும் கலைக்கிற வேலைக்குக் கூப்பிட்டார். வரிசையாக நடந்து, தடியால் மரங்களைத் தட்டிக் குரல் கொடுத்து, துவக்கோடு நிற்பவர்கள் பக்கம் விலங்குகளைக் கலைத்துவிட வேண்டும். கூலியாக ஒரு முயலோ ஃபெசன்ட் பறவையோ கிடைக்கும். நான் அதை உறைப்பாகக் கறி வைத்து அந்தப் பெண்ணுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிடுவேன். ஒருமுறை கறிக்குள் கிடந்த சின்னக் குண்டு என் பல்லில் கடிபட்டது. அன்றைக்கு முழுக்க நான் வேறு ஒன்றும் சாப்பிடவில்லை.

பண்ணைக்காரர் இறந்தபின் கொப்பன்ஹேகனில் இருந்த அவருடைய பிள்ளைகள் நிலத்தை ஒரு கம்பனிக்கு விற்றுவிட்டார்கள். பெரிய களஞ்சியசாலை ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள். வேட்டைக் குத்தகை அதோடு முடிந்தது. மாசி மாதத்தில் அந்தப் பெண்ணும் இன்னும் இருவரும் வந்து, காட்டோரத்து மரத்தில் கட்டியிருந்த பரணைக் கழற்றிப் பலகை பலகையாக வண்டியில் ஏற்றினார்கள். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, நேற்றுவரை தான் படுத்துக் கிடந்த நிலத்துக்குள் இனிக் கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்றார். அதன்பிறகு காட்டை வெட்டினார்கள். பிறகு வயலையும் எங்கள் வீட்டையும் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலான இரும்பு வலை வேலி வந்தது. நாங்கள் இலையுதிர்காலம் வரை இருக்கலாம் என்றார்கள். கேற்றுப் பூட்டுக்கு ஒரு திறப்பும் தந்தார்கள். எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

அந்த மாதங்களில் வேலி எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இலங்கையில், போர் நடந்த வன்னியில் அக்கா, கைக்குழந்தையோடு, நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டிருந்த நிலத்துக்குள் அகப்பட்டிருந்தாள். வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். சில நாள் கழித்து, அக்காவும் பிள்ளையும் உயிரோடு முட்கம்பி முகாமில் இருப்பதாக யாரோ ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. நான் என் மகனுக்கு மேல்மாடி யன்னலோரத்தில் இருந்துதான் பால் கொடுப்பேன். அக்காவின் குரலுக்காகத் தொலைபேசி மடியில் கிடக்கும்.

அந்த யன்னலில் இருந்துதான் மானைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்து வேலியை மூடியபோது அது உள்ளே நின்றிருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இயந்திரம் இன்னும் சுரண்டாமல் விட்ட ஒரு துண்டுப் புல்லுக்குள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தலையைக் குனியும். நான் பால் கொடுக்கும் நேரத்தில் அதுவும் அங்கே ஒளிந்து கிடந்த குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

ஒரு பின்னேரம் வேலைத்தளப் பொறுப்பாளர் வந்து, நாளைக்குக் காலையில் அந்தப் புல்லையும் சுரண்டப்போகிறோம், சத்தமாக இருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். மான் இருக்கிறது என்றேன். இயந்திரம் வந்தால் ஓடிவிடும் என்றார். குட்டி ஓடாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பின்னேர வேலையில் நின்ற கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த மான்குட்டி..."

"எங்களுக்கு இன்னும் வேற வீடு கிடைக்கேல்ல. அவங்களோட கொழுவ வேண்டாம். நீர் பேசாமல் இரும்."

பேசாமல் இருக்கத்தான் முயன்றேன். ஆனால் சற்று நேரத்தில் வேலிக்கு வெளியே சைக்கிளோடு அந்த வேட்டைக்காரி நின்றார். மகனைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பேசிய டேனிஷ் என் நினைவில் எங்கள் தமிழாகத்தான் இருக்கிறது.

"உள்ளுக்க ஒரு தாய்மான் நிக்குது, தெரியுமோ?"

"தெரியும். குட்டியும் இருக்கு."

"எங்க?"

"ஏன் கேக்கிறீங்கள்? குளிர் தொடங்கினா நீங்கள் அதைச் சுடுவீங்கள்தானே?"

"சுடுவன். நல்லாச் சாப்பிடவும் செய்வன். அதுக்காக மெசின் அரைக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது." வேலியை ஒரு உலுப்பு உலுப்பினார். "பொறுப்பாளரிட்டக் கேட்டனான். இறைச்சிக்கு வந்தனீரோ எண்டு சிரிக்கிறான். கேக்காமல் உள்ள வந்தா என்ர வேட்டை அனுமதி போயிடும். நீர் உள்ளதானே இருக்கிறீர். நீர் தூக்கும்."

"நானோ? என்னில பால் மணக்கும். பிள்ளைக்கு எண்ணெய் பூசின கை. அந்த மணம் பட்டா தாய் சேர்க்காது."

"கையால தொடாதையும். புல்லை ரெண்டு கை நிறையப் பிடுங்கி, அதால அணைச்சுத் தூக்கும். கொண்டுவந்து றோட்டுக்கு அங்கால பற்றைக்குள்ள வையும். கேற்றைத் திறந்து விடும். தாய் தேடிப் போகும்."

"போகாட்டி?"

அவர் பற்றைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் வேண்டுமென்றால் பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்டேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தாரும். துவக்குத்தான் எனக்குப் பழக்கம். இதில எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறது?"

கேற்றைத் திறந்து மகனை அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை. நான் யன்னலில் இருந்து பார்த்துப் பழகிய இடத்துக்கு நேரே நடந்தேன். குட்டி காதைப் படுத்திக்கொண்டு, முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு, கல் மாதிரிக் கிடந்தது. தூக்கியபோதும் அசையவில்லை. புல்லுக்கூடாக அதன் நெஞ்சு அடிப்பது மட்டும் கைக்குத் தெரிந்தது. பின்னால் தாய்மான் நாய் குரைப்பதுபோலக் கத்தியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பற்றைக்குள் வைத்துவிட்டு வந்தபோது என் மகனும் அழுதுகொண்டிருந்தான். வேட்டைக்காரி அவனைத் துவக்குப்போல நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் போனபின்தான் பயம் பிடித்தது. இப்போது குட்டி வெளியே, தாய் உள்ளே. நல்லது செய்கிறேன் என்று இரண்டையும் பிரித்துவிட்டேனோ? திரும்பக் கொண்டுவந்து வைக்கலாமா? வைத்தால் விடிந்ததும் இயந்திரம் வரும். வைக்காவிட்டால் நரி வரும். யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். தாய்மான் வெறும் புல்லை மணந்து மணந்து சுற்றியது.

கோடை என்பதால், கணவர் இரவில் வேலை முடிந்து வந்தபோதும் வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது.

"கேற் ஏன் திறந்து கிடக்கு?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். பிறகு கொட்டிலுக்குப் போய், கலைக்கப் போகும்போது கொண்டுபோகும் தடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நிண்டு பாத்துக்கொண்டிருந்தா அது போகாது. நான் பின்னால நடந்து கேற்றடிக்கு விடுறன்."

அவருக்குப் பழகிய வேலைதான். மெல்லத் தட்டிக்கொண்டு நடந்தார். ஆனால் அங்கே வரிசையும் இல்லை, ஓடி ஒளிக்கக் காடும் இல்லை. மான் கேற் வாசலைத் தவறவிட்டு ஓடி வேலியில் மோதியது. திரும்பி ஓடி மறுபக்கத்தில் மோதியது. இரும்பு வலை முழுதும் அதிர்ந்தது. வன்னியில் ஆட்களை ஒரு பக்கத்தால் தட்டித் தட்டி எப்படி ஒடுக்கினார்கள் என்று தொலைபேசியில் கேட்டதெல்லாம் எனக்கு நினைவில் வந்தது. மானையும் மனிதரையும் ஒப்பிடக்கூடாது என்று தெரியும். ஆனாலும் வந்தது.

"விடுங்கோ! கலைக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன். "உள்ள வாங்கோ. விளக்கையும் நூருங்கோ, வீடு இருட்டாக் கிடக்கட்டும்."

"கேற்றைப் பூட்டாமலோ?"

"பூட்டாமல்தான்."

அவர் தடியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். படுத்தபிறகும் அவர் நித்திரையாகவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

விடியற்காலையில் மகன் பாலுக்கு எழும்பினான். யன்னலில் போய் இருந்தேன். மான் கேற்றடியில் நின்றது. குட்டியை வைத்த பற்றைக்குள் இருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மான் ஒரு காலை வெளியே வைத்தது. எடுத்தது. திரும்பவும் வைத்தது. பிறகு அது கேற்றடியில் இல்லை. சற்று நேரத்தில் பற்றைக்கு அங்கால மஞ்சள் பூப் பயிருக்குள் அதன் முதுகு தெரிந்தது. அதன் பின்னால் பயிர் தாழ்வாக, சின்னதாக, இன்னொரு கோடாக அசைந்துகொண்டு போனது.

மகனைக் கணவரின் பக்கத்தில் கிடத்திவிட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். இயந்திரங்கள் வரமுன் பூட்ட வேண்டும். சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். உள்ளே நின்றுதான் பூட்டினேன். மேல்மாடியில் தொலைபேசி அடிப்பது போல இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அடிக்கவில்லை.