ஆள் சேர்க்கும் சாய்ஹுவா

அந்தக் குளிர்காலம் முழுக்க, விடியும்போதே சுய்பிங்கின் கட்டிலடியில் வெந்நீர்க் குடுவை நிரம்பியிருக்கும். காய்ச்சலில் கிடந்தவள், தொழிற்சாலை விடுதியைப் பெருக்க வரும் கிழவிதான் நிரப்புகிறாள் என்று நினைத்து அவளுக்கு இரண்டு ஆரஞ்சு கொடுத்தாள். கிழவியும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். கொதிகலன் முன்னால் வரிசையில் நின்றதோ மேல்கட்டிலில் படுக்கும் சாய்ஹுவா. அவள் மூச்சுவிடவில்லை. விஷயம் சுய்பிங்குக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று.

நாற்பத்தைந்து வயது முடிந்ததும் தொழிற்சாலை சாய்ஹுவாவை வீட்டுக்கு அனுப்பியது. பதினோரு வருடம் கைபேசிப் பாகம் பொருத்திய கை, நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவப் போனது. மதியத்துக்குமேல் அங்கே வேலை இல்லை. அந்த நேரத்துக்கு இன்னொரு வேலை பிடித்தாள்: தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது. தரகர் பெங் கொடுத்த அட்டைப் பலகையும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியுமாகப் பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்தாள். சம்பளம் கிடையாது, அனுப்பிய ஆள் மூன்று மாதம் நிலைத்தால் கமிஷன். பச்சை குத்தியிருக்கிறதா, கை நடுங்குகிறதா, வயது தாண்டிவிட்டதா என்று பார்த்துக் கழிப்பதும் அவள் பாடுதான். தன்னை வெளியே தள்ளிய அதே வயதைச் சொல்லி மற்றவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்த சுய்பிங், மகனைத் தொழிற்பள்ளியில் சேர்த்த கையோடு மறுபடி வேலை தேடி அதே வாசலில் வந்து இறங்கினாள். சாய்ஹுவா அவள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"நாப்பத்தாறா? என்னைவிட அஞ்சு வயசு சின்னவ, எப்படிடி ஒரே தாவா தாவிட்டே?"

"அது செத்துப்போன என் கூடப்பிறந்த அக்காவோட பிறப்புப் பதிவு, அக்கா. ரெண்டாவது பிள்ளைனு புதுசாப் பதிஞ்சா அபராதம்னு அப்பா அதையே எனக்கு வச்சுட்டாரு."

"செத்தவ வயசையும் சேர்த்துச் சுமக்குறியா? கொஞ்சம் இறக்கி வையேன்."

இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெங் சிரிக்கவில்லை. "நான் பாக்குறது அட்டையைத்தான். வேற அட்டை கொண்டாங்க, மூஞ்சியைப் பாக்கமாட்டேன்" என்றார்.

சாய்ஹுவா தன் தம்பி மனைவி யூன்மெய்யின் அட்டையைக் கொண்டுவந்தாள். "மூக்குதான் கொஞ்சம் சப்பை. கேட்டுல பல்லைக் காட்டாதே, போதும்." அந்த வாசலில் பாதிப்பேர் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

நான்கு மாதம் சுய்பிங் யூன்மெய்யாக இருந்தாள். பிறகு ஒரு நாள் அழுத்தும் இயந்திரம் அவள் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.

"யூன்மெய் ஊரில் பன்றி வளர்க்கிறாள், பத்து விரலும் இருக்கின்றன. இந்தப் பெண் யாரென்றே தெரியாது" என்றது தொழிற்சாலை. பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள்தான் அங்கே வேலை பார்த்தவள் என்று ஒருவர் சாட்சி சொன்னால் நஷ்ட ஈடு கிடைக்கும். சொல்லக்கூடியவள் சாய்ஹுவா ஒருத்தி.

தொழிலாளர் அலுவலகத்தில் சுய்பிங் கட்டுப்போட்ட கையோடு மற்றக் கையைச் சேர்த்து, மனசுக்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருணைத் தெய்வமே, குவான்யின் தாயே, சாய்ஹுவா வாயில் உண்மை வரட்டும்.

"இவங்களைச் சேர்த்துவிட்டது நீங்கதானேம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

சாய்ஹுவா, கதவருகே நின்ற பெங்கைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது பேரு வர்றாங்க ஐயா. இந்த முகம் ஞாபகமில்லை."

அன்று சாயங்காலம் சுய்பிங் கோயிலில் மீதி விரல்களால் ஊதுவத்தியைப் பிடித்து, வேண்டியவர்களின் பெயர்களை வழக்கம்போல் வரிசையாகச் சொன்னாள். சாய்ஹுவா பெயர் வந்த இடத்தில் நாக்கு நின்றது. விட்டுவிடவும் மனமில்லை, முழுசாகச் சொல்லவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் ஊருக்குப் பேருந்து ஏறும்போது சாய்ஹுவா ஓடிவந்தாள். முக்காலி வாசலில் அப்படியே கிடந்தது. வெந்நீர்க் குடுவையைச் சுய்பிங்கின் இடது கையில் வைத்து அழுத்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"வழியில சூடாக் குடிக்க எதுவும் கிடைக்காதுடி. குடுவையை நீயே வச்சுக்க." மூடியை ஒருமுறை திருகி இறுக்கினாள். "ஊர்ல யாராச்சும் வேலைக்கு வரணும்னா என் நம்பரைக் குடு. நாப்பத்தஞ்சு தாண்டாதவங்களாப் பாத்துச் சொல்லு."