அழுகண்ணிக்கு ஏசி தண்ணீர்

தேவயானிக்கு நாற்று பிடுங்கத் தெரியாது என்று அவள் ஊரான விஜயபுரம் பக்கத்தில் யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். சேற்றில் கையை விட்டுக் கொத்தாகப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, முடிச்சுப் போட்டு எறிந்துவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கெடுத்தது.

இப்போது அவள் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரித் தோட்டத்தில் வேலை செய்கிறாள். நாகலாபுரம் பக்கம் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், அதற்குள் ஓரத்து ஈரநிலத்து அழுகண்ணிச் செடிகளை எடுத்துவந்து காப்பாற்ற வேண்டும் என்று தெலுங்கு கலந்து பேசும் தாவரவியல் ஆசிரியை ரேஷ்மா அவளை வண்டியில் கூட்டிப்போனார். காசளவு சிவப்புச் செடி அது. இலை முழுக்கப் பசைத் துளி. அதில் ஒட்டும் கொசுவைத் தின்று பிழைக்கிற பிறவி. ரேஷ்மா போன் பேசி முடித்துத் திரும்புவதற்குள் தேவயானி எல்லாவற்றையும் பிடுங்கி, உதறி, கட்டுக்கட்டாக முடிந்து வைத்துவிட்டாள்.

“ஐயோ தேவயானம்மா, ஏமி இது! மண்ணோட பேத்து எடுக்கணும். இதுக்கு வேரே நூல் மாதிரி.”

“நாத்து மாதிரிதான் மேடம் புடுங்குனேன். எனக்குத் தெரிஞ்சது அதான.”

ரேஷ்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தேவயானிக்கு. அடுத்த வாரமே அங்கே ஜல்லி கொட்டிவிட்டார்கள். அந்த இடத்து அழுகண்ணி என்று இனி மிச்சம் இருப்பது தொட்டிகளில் கிடப்பதுதான்.

பிடுங்கி வந்த அன்றே அவற்றைக் கழுவிய ஆற்று மணலில் தேங்காய் நார்த்தூள் கலந்து நட்டிருந்தார்கள். மறுநாளே துளிகள் வற்றின. இலைகள் கறுத்துச் சுருண்டன. அழாத அழுகண்ணியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு பிடி எரு போடலாமா என்று கை துறுதுறுத்தது. போட்டால் செத்துவிடும் என்றார் ரேஷ்மா. பூச்சி கொடுக்கக்கூடாது, கிளறக்கூடாது, போர் தண்ணீரின் உப்பும் ஆகாது. மூடிவைத்து, அடியில் நல்ல தண்ணீர் நிறுத்தி, சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதற்குத்தான் எத்தனை வேலை! கல்லூரி முதல்வர் அறை ஏசியில் சொட்டும் உப்பில்லாத தண்ணீரை வாளியில் பிடித்து, மாடியிலிருந்து இறக்கி, தொட்டிகள் இருக்கும் தோட்டக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். கரண்ட் போனால் வாளி காலி. அவளுக்கோ மூட்டு வலி. பனிக்காலம் முடிந்து வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. தினமும் மூடியைத் தூக்கினால் அதே கறுப்பு.

“செத்ததுக்குத் தண்ணி காட்டிக்கினு கீறேன்” என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் வாளியை விடவில்லை.

ஒருநாள் கருகிய நடுவில் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது. பாதிக்குமேல் செடிகள் போய்விட்டன. மிச்சத்தில் ஒரே ஒரு தொட்டியில் மட்டும் புது இலை விரிந்து, சிவந்து, துளி கட்டியது. தொட்டாள். விரலில் பிசுக்கென்று ஒட்டியது.

“மேடம், அயுவுது மேடம்!” என்று நொண்டிக்கொண்டே மாடியேறினாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கல்லூரிக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். செடிகளை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் நட்டு வரவேற்பறையில் வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ரேஷ்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மண்ணோட எடுத்தா பரவால்ல கதா, அம்மா?”

தேவயானி இதுவரை யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொரு தபா அது வேர்ல கை வெக்க மாட்டேன் மேடம். யாரையும் வெக்க வுடவும் மாட்டேன். வேலைய வுட்டு அனுப்புனாலும் சரி. பாக்கறவங்க இங்க வந்து பாக்கட்டும்.”

ரேஷ்மா மேலே போய் அதை அப்படியே சொன்னார். மேலிடமும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வெயிலில் கொட்டகைப் பக்கம் வர ஒருவருக்கும் மனமில்லை. அதில் தேவயானிக்கு நிம்மதிதான். மூடியைத் திறந்துவைத்து, காலை நீட்டித் தொட்டியோரம் சாய்ந்தாள். ஒரு கொசு வந்து துளியில் ஒட்டித் துடித்தது. இலை மெல்ல மடங்கியது.

“துன்னு கண்ணு” என்றாள். “இனிமே ஒன்ன யாரும் புடுங்க மாட்டாங்க.”