கொஞ்சம் உயரமா இருக்கு, டாக்டர்

பல் வைத்தியரின் காதுக்கு வலி என்ற சொல் பழகிப்போகும். நடுங்க வைப்பது "கடிச்சா கொஞ்சம் இடிக்குது" என்பதுதான். பல்லை அடைத்துக்கொண்டவர்களுக்கும் கேப் போட்டுக்கொண்டவர்களுக்கும் நான் சொல்வது புரியும். செம்பாக்கத்தில் கிளினிக் திறந்த புதிதில், அந்த இடிப்பு பல்லில்தான் இருக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன்.

கணக்கு வாத்தியாரின் பல்

சுந்தரேசன் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டேன். மறுவாரமே வந்தார், உயரமா இருக்கு என்று. நீலத்தாளைக் கடிக்கச் சொன்னேன். எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே அழுத்தமாக நீலம் பதியும். பதிந்த இடத்தை லேசாக ராவி அனுப்பினேன். திரும்ப வந்தார். திரும்ப ராவினேன். அதற்குப் பிறகு வந்தபோது நீலம் எல்லாப் பல்லிலும் ஒரே சீராக விழுந்தது.

"பேப்பர்ல சரியா இருக்கே சார்" என்றேன்.

அவர் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். "பல்லு சரியாத்தான் இருக்கும் டாக்டர். வாய்தான் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

சேலையூர் மீன்கார அக்கா

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து சேலையூரில் மீன் விற்கிறவர் காசியம்மா. சொத்தைப் பல்லை அடைத்துவிட்டிருந்தேன். அவருக்கும் இடிப்பு. அவருக்கும் நீலத்தாளில் ஒன்றும் இல்லை.

"எப்பல்லாம் இடிக்குது அக்கா?" என்று சும்மாதான் கேட்டேன். அவருடைய ஒரே மகள் அந்தத் தை மாதம்தான் கல்யாணமாகி நாகப்பட்டினம் பக்கம் போயிருந்தாள். அதுவரை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

காசியம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வூட்ல ஒண்டியா குந்திக்கினு துன்னாத்தான் டாக்டரம்மா இடிக்குது. மார்க்கெட்ல நாலு பேரோட துன்னா வாயில பல்லு கீதான்னே தெர்ல."

பிடுங்கிடுங்க

ஒருநாள் சுந்தரேசன் சார் நாற்காலியில் உட்காராமலே சொன்னார்: "கேப்போட சேர்த்துப் பல்லையே பிடுங்கிடுங்க. என்னால முடியல." சோற்றை மெல்ல முடியாமல் கரைத்துக் குடிக்கிறாராம். ஆள் பாதியாகியிருந்தார். நான் மாட்டேன் என்றால் தாம்பரத்தில் யாரிடமாவது பிடுங்கிக்கொள்வார்; அப்புறம் இடிப்பு பக்கத்துப் பல்லுக்கு நகரும்.

அவரை உட்காரவைத்துவிட்டு என் பேராசிரியைக்குப் போன் செய்தேன். அவர் சொன்னது இது: பல்லோடு பல் படுவது எல்லோருக்கும் நாள் முழுக்க நடக்கிறது. மூக்குக்கண்ணாடியின் பாரத்தைப் போல, மூளை அதை ஒதுக்கிவிடும். சிலருக்கு மனசு எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கும்போது மூளை ஒதுக்க மறந்து அதையே காவல் காக்க ஆரம்பிக்கும். சுந்தரேசன் சார் பொய் சொல்லவில்லை, அவருக்கு இடிப்பது நிஜம். ராவ ராவக் காவல்தான் கூடும்.

வந்து உட்கார்ந்து, "வீட்ல யார் சார் சமையல்?" என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மனைவி மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தார். மூன்று மாதம் என்று போனவர், குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். சாருக்குக் கேரியர் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை பிரவுசிங் சென்டரில் வெப்கேம் வழியாக மனைவி முகம். கேப் போட்டது மனைவி விமானம் ஏறிய வாரம்.

மூளை விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னேன். மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்க்கலாம் என்றதும் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "நாப்பது வருஷம் கூட இருந்தவ பக்கத்துல இல்லைங்கறதுக்கெல்லாமா டாக்டர் மருந்து இருக்கு?"

மங்களம் மாமி வந்தபோது

வேறெங்காவது போய்ப் பல்லைப் பிடுங்கியிருப்பாரோ என்று பல நாள் உறுத்தியது. மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் மனைவியோடு வந்தார். பல் சுத்தம் செய்துகொள்ள வந்தவர் மாமி. சார் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் சதை போட்டிருந்தது. கேப் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இடிப்பு போயிடுச்சா சார்?"

"போகல, இடிக்கத்தான் செய்யுது. இப்ப இவகிட்ட சொல்லிடறேன். சரி சரி, ரசம் ஆறிடப்போகுது சாப்பிடுங்கங்கறா, நானும் சாப்பிட்டுடறேன்."

என் பல்

இவ்வளவும் தெரிந்த எனக்கும் வந்தது. என் கணவர் மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், டாக்டர் தோழி ஒருத்தி என் பல்லில் சின்னச் சொத்தை ஒன்றை அடைத்துவிட்டாள். இடித்தது. சாம்பாரில் முருங்கைக்காயைக் கடித்தாலும் இடித்தது, சும்மா இருந்தாலும் இடித்தது. அவர் போனில் "சாப்டியா?" என்று கேட்கிறபோதுதான் இரண்டு தாடையையும் இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரியும்.

ஒரு மத்தியானம் பேஷண்ட் இல்லாத நேரத்தில் நானே நாற்காலியில் படுத்து, உதவியாளர் தேவியிடம் நீலத்தாளைக் கொடுத்தேன். அவள் விளக்கைத் திருப்பி மேலே கீழே நிதானமாகப் பார்த்தாள். தாளைக் குப்பையில் போட்டாள்.

"பேப்பர்ல ஒண்ணும் இல்ல மேடம். மஸ்கட்லேர்ந்து சார் எப்ப வர்றாராம்?"

வாயைத் திறங்கள் என்று சொல்வதற்குப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டேன்; திறந்த வாய் பேசி முடிக்கும்வரை கருவியை உள்ளே விடாமல் இருக்கத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.