இலுப்பையடி, பம்பாய்

நாகலக்ஷ்மியை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேசிய ஆள் மாட்டுங்காவில் கிடையாது. காப்பியை நின்றுகொண்டே குடிப்பாள். பேப்பரை நடந்துகொண்டே படிப்பாள். ஒரு தடவை பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியில் கை வைப்பதற்குள், தெருவில் தபால்காரர் குரல் கேட்டதென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் தம்பி பஞ்சு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தாயிற்று. அப்பா போன கையோடு தபால் இலாகாவில் சேர்ந்த இவள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கோட்டைப் பக்கம் ஒரு கட்டடத்து மாடியில் அவள் ஆபீஸ். ஆள் சேராத கடிதங்கள் வந்து குவிகிற பிரிவு அது. விலாசம் புரியாதவை, ஊர் பேர் தப்பானவை, எந்த ஊரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்று தெரியாதவை எல்லாம் அங்கே வரும். தமிழில் எழுதியவை அவள் மேஜைக்கு வரும். ஒரு பழைய தபால் கைடும் ஒரு சிவப்புப் பென்சிலும் அவளுடைய ஆயுதங்கள். எவ்வளவு சிக்கலான விலாசமானாலும் நின்ற நிலையில் ஒரு கோடு அடித்து, மேலே சரியான ஊரை எழுதி மூட்டையில் போட்டுவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறென்ன இருந்தது?

அறுபத்து நான்காம் வருஷக் கடைசியில் அப்படி ஒரு கவர் வந்தது. ஆள் பேர் பூலோகம்; விலாசம் இலுப்பையடி, பம்பாய். நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. இலுப்பையடி திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு கிளைத் தபால் ஆபீஸ். கைடில் அச்சாகியே இருக்கிறது. எழுதினவருக்கு ஏதோ குழப்பம். ‘பம்பாய்’ மேல் கோடு அடித்தாள். ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று எழுதினாள். மூட்டையில் போட்டாள்.

சில வாரம் கழித்து அதே கவர் திரும்பி வந்தது. அந்த வட்டாரத்துப் போஸ்ட்மாஸ்டர் பின்பக்கம் எழுதியிருந்தார்: ‘இலுப்பையடி புது அணையின் நீரில் மூழ்கிப் பல வருஷமாகிறது. கிளை ஆபீஸ் மூடப்பட்டது. ஜனங்கள் போன இடம் தெரியாது.’

நாகலக்ஷ்மிக்கு முகம் சுண்டிவிட்டது. கைடின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அணை கட்டுவதற்கு முந்தைய பதிப்பு.

இனி விதிப்படி கவரைப் பிரித்து, எழுதியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பிரித்தாள். யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். ‘அண்ணாச்சிக்கு சொர்ணம்மாள் எழுதிக்கொண்டது. பர்மாவில் எங்களை இருக்கவிடவில்லை. அவர் ரங்கூனிலேயே இறந்துவிட்டார். நான் மட்டும் கப்பலேறி மெட்ராஸ் வந்து அகதி கேம்ப்பில் இருக்கிறேன். சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால் அவரோடு அனுப்புவார்களாம். யாரும் வராதவர்களை எங்கேயோ காட்டைத் திருத்தின காலனிக்கு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை. சீக்கிரம் வரவும்.’

அனுப்பினவருக்குத் திருப்பி அனுப்பினால் அதன் மேல் ஒரு முத்திரை விழும்: ‘இப்படி ஓர் இடம் இல்லை.’ அதை அந்தப் பெண்ணுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள்.

“சாப்பாவைக் குத்தி அனுப்பிடுமேன். நம்ம வேலை அவ்வளவுதானே?” என்றார் ஹெட் கிளார்க் அனந்தகிருஷ்ணன்.

“பம்பாய்னு அவ சரியாத்தான் எழுதியிருக்கா சார். அடிச்சது நான். நாளைக்கு அரை நாள் லீவு வேணும்.”

“நீர் உக்காந்து யோசிச்சாத் தேவலை.”

உட்காருவதா? அன்று முழுக்க அவள் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்த நடையில், பக்கத்து மேஜைக்காரர் தலை வலிக்கிறதென்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். இந்நேரம் லாரி கிளம்பியிருக்குமோ என்ற ஒரே நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. மறுபடி மறுபடி அந்தக் கோட்டைப் பார்த்தாள். எவ்வளவு நேராக அடித்திருக்கிறாள்!

அன்று சாயங்காலம் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபோதுதான் பொறி தட்டியது. இலுப்பையடி ஆட்கள் பம்பாயில் இருந்தால், ஊர் மூழ்குவதற்கு முன்னால் அங்கே மணியார்டர் போட்டிருப்பார்கள். போட்ட தபால் ஆபீஸில் அதற்குப் பதிவு இருக்கும். திருநெல்வேலிக்காரர்கள் அதிகம் இருப்பது தாராவியில்.

மறுநாள் தாராவிப் பக்கத்துத் தபால் ஆபீஸில், சாமான் அறையில், எலி மிச்சம் வைத்த மணியார்டர் பதிவேடுகளைப் புரட்டினாள். ஐம்பத்தைந்தில் மாசம் தவறாமல் இலுப்பையடி, இலுப்பையடி என்று ஒரு கூட்டமே அனுப்பியிருந்தது. ஐம்பத்தாறிலும் அப்படியே. ஐம்பத்தேழு நடுவில் பட்டென்று நின்றுவிட்டது. ஒரே மாசத்தில் அத்தனை பேருமா ஊரை மறந்துவிடுவார்கள்? நாகலக்ஷ்மி புத்தகத்தை மூடிவிட்டு அந்தத் தூசிக்குள்ளேயே இரண்டு நடை நடந்தாள். மறக்கவில்லை. பணத்தை வாங்க வேண்டியவர்களே இங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்! மறுபடி திறந்து அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடம்: தோல் கிடங்குக்குப் பின்னால், செல்லப்பாண்டி சால். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளைப் பம்பாயில் சால் என்பார்கள்.

மாட்டுங்கா ரயில் பாலத்தில் தினமும் ஏறி இறங்குகிறவள் அவள். அதன் மறுபக்கம் இறங்கி வடக்கே நடந்தால் வந்துவிடும் தூரம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. போகக் கூடாதென்று யாரும் சொன்னதும் இல்லை.

சாக்கடைப் பலகைமேல் புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்தவளைக் குழாயடியில் ஒரு பெண் நிறுத்தினாள். “கிஸ்கோ டூண்ட்தா? யாரத் தேடுதீய?”

“செல்லப்பாண்டி சால் எதும்மா?”

“செல்லப்பாண்டி செத்து எத்தன வருசமாச்சு. அந்தப் பேர இப்ப யாரு சொல்லுதா? இது இலுப்பையடில்லா.”

நாகலக்ஷ்மி அப்படியே நின்றாள். அதுவரை ஓடிக்கொண்டே இருந்த கால் அங்கேதான் நின்றது.

அந்தப் பெண் கூப்பிட்ட குரலுக்குப் பூலோகம் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை செய்து முழங்கை வரை கறுத்திருந்தது. படிக்கத் தெரியாது என்றார். நாகலக்ஷ்மி நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். ‘உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை’ என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

பிறகு கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன தாயி, செவப்பா கோடு?”

“பம்பாய்னு இருந்ததை நான்தான் அடிச்சேன். தப்புன்னு நெனச்சுட்டேன்.”

“ஊரோட கெளம்பி வந்தோம். பேர மட்டும் தண்ணிக்குள்ள போட்டுட்டா வர முடியும்? அதான் எலுப்பையடி, பம்பாய்னு எழுதச் சொல்லி அவளுக்குத் தாக்கல் விட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரங்கூன்லேந்து பதிலே இல்லியேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவ எழுதாம இருக்க மாட்டாளே” என்றார்.

முன்பு எப்போதோ வந்த, பர்மாத் தபால்தலை ஒட்டிய கவர்கள் இரண்டோ மூன்றோ அவள் கண் முன்னால் வந்தன. ஒவ்வொன்றிலும் அதே நேர் கோடு. திரும்பி வராததால் போய்ச் சேர்ந்துவிட்டன என்றே இருந்துவிட்டாள். அவை எந்த மூலையில் மக்கிக் கிடக்கின்றனவோ! நாகலக்ஷ்மிக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அதையும் நான்தான்...” என்று ஆரம்பித்தாள். பூலோகம் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “மொதல்ல வண்டிக்குப் போவணும்” என்று சட்டையைத் தேடினார்.

தந்தியை அவளே எழுதி அனுப்பினாள். போகிறவரிடம் ஒரு காகிதத்தில், தோல் கிடங்குக்குப் பின்னால், செல்லப்பாண்டி சால், தாராவி, பம்பாய்-17 என்று முழு விலாசத்தையும் எழுதிக் கொடுத்து, யாரைக் கொண்டு எழுதினாலும் இதைத்தான் எழுதச் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு மூட்டை அவிழும்போதும் அவள்தான் முதலில் போய் நின்றாள்.

வந்தது ஒரு கார்டு. பூலோகம் தன் வீட்டுக்கு எழுதச் சொன்னது. கார்டில் ரகசியம் ஏது? படித்தாள்.

‘லாரியில் ஏற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கையெழுத்துக்குப் பதில் ரேகை வாங்கிக்கொண்டார்கள். சொந்த ஊர் எது என்று ஆபீசர் கேட்டார். நான் தாராவி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சொர்ணம்மாள் இலுப்பையடி, பம்பாய் என்று சொல்லிவிட்டாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நாங்கள் வருகிறோம்.’

மறுபக்கம் திருப்பினாள். அவள் எழுதிக் கொடுத்த விலாசத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இலுப்பையடி, பம்பாய்.

“என்ன, ஊர் பேர் தப்பா?” என்று எட்டிப் பார்த்தார் அனந்தகிருஷ்ணன்.

“இல்லை சார். சரியாத்தான் இருக்கு.”

நாகலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்து, எதையும் அடிக்காமல், பம்பாய்க்குப் பக்கத்தில் ‘17’ என்று மட்டும் எழுதி, கார்டைத் தாராவி மூட்டையில் போட்டாள்.