மூன்றா, எட்டா

கண்ணாடிக்கடைக்காரர் எதற்கும் அவசரப்படுகிற ஆளில்லை. மூக்குக்கண்ணாடித் தொழில் அப்படி. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, எதிரே இருப்பவர் குழம்பித் தெளியும்வரை நிற்க வேண்டும். கடையில் செலவானது போக மிச்சமிருந்த பொறுமையை அவர் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்தார்.

அவர் கைக்கு வருவதற்கு முன்பே அது பலபேரைப் பார்த்த வண்டி. சோக்கை இழுத்து, இடப்பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, அதன் பிறகுதான் உதைக்க வேண்டும். சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, சொல்லாமலே இறங்கிக் கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டுவாள். பெட்ரோல் ஒழுகும் கார்புரேட்டரைத் துடைத்துவிட்டு அவர் மறுபடி உதைப்பார். பெண் பார்க்க வந்த அன்று இதைப் பற்றி யாரும் அவளிடம் பேசியிருக்கவில்லை.

ஒருநாள் கடை வாசலில் வண்டிக்குக் கீழே பெட்ரோல் குட்டையாகத் தேங்கிவிட்டது. மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு சார். இதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிடுங்க. மேல நம்பர் அடிச்சிருப்பாங்க, அதச் சொன்னா தருவாங்க."

நம்பர் இருந்தது. ஆனால் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கடையில் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். மூன்று மாதிரி இருந்தது. விளக்கைத் திருப்பினார். எட்டு ஆனது. வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினார்.

"எட்டு," என்றாள் அவள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

அப்போது வந்திருந்த அவள் தம்பி வாங்கிப் பார்த்தான். "மூணு மாமா. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற மனிதரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அவர் கார்புரேட்டரை மறுபடி செய்தித்தாளில் சுற்றி வைத்தார்.

மறுநாள் உதிரி பாகக் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த அம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். நம்பரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்துக் காற்றுப் போகும் துளையை அளந்தாள். பிறகு போல்ட் மாட்டும் துளைகளில் விரலை விட்டுத் தடவினாள்.

"என்ன வண்டி?"

சொன்னார்.

"இது அந்த வண்டியோடதே இல்லையே. பெரிய இன்ஜினுக்குப் போடுறது. போல்ட் ஓட்டைய அரம் போட்டு நீட்டி மாட்டியிருக்காங்க, பாருங்க."

பார்த்தார். துளைகள் முட்டை வடிவத்தில் இருந்தன. இத்தனை வருஷம் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தது அடுத்த வீட்டுப் பிள்ளையை என்று தெரிந்தது.

"அப்ப அந்த நம்பர் மூணா, எட்டா?"

"எதுவா இருந்தா உங்களுக்கென்ன சார்?"

அம்மாள் மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று அதே பெரிய அளவு, புத்தம் புதியது, பளபளவென்றிருந்தது. மற்றது சிறியது, வேறொரு வண்டியில் கழற்றியது, கறுத்துப் போயிருந்தது. அதுதான் அளவு சரியானது. போல்ட் துளைகள் வட்டமாக இருந்தன.

அவர் பளபளப்பதையே எடுத்து எடுத்துப் பார்த்தார். "பெருசே பழகிப்போச்சேம்மா."

"பழகுனது நீங்க சார். வண்டி இன்னும் பழகல."

சிறியதை வாங்கிக்கொண்டு வந்தார். மெக்கானிக் அதை மாட்டி, திருகைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று திருப்பினார். வண்டி ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் அதை இடப்பக்கம் சாய்க்கப் போனார். "வேணாம் சார், ஓடிக்கிட்டுதானே இருக்கு," என்று மெக்கானிக் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் எந்தச் சிக்னலிலும் அணையவில்லை. அவருக்கு என்னவோ கை ஓடவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது இன்ஜின் அடங்கியதே தெரியவில்லை. உள்ளே மனைவி தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வண்டி சரியாயிடும்கா. அவரைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. அது ஒழுகலைன்னா எங்கிட்ட எதப் பத்திப் பேசுவாரு?"

அவர் வாசற்படியில் நின்று யோசித்தார். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். பேச வேறு விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று மனதைத் துழாவினார். ஒன்று கிடைத்தது, அதுவும் பிரேக் பற்றியது.

தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். அவள் போனை வைத்தாள்.

"என்னங்க, சத்தமே காணோம்?"

"சரியாயிடுச்சு. வா, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"எங்க?"

"சிக்னல் வரைக்கும்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கவில்லை. இருவரும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சை விழுந்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல், அப்படியே நேராகப் போனார்.