மூன்று சாண் கொக்கி

அந்தத் தெருவில் அவளை நேரில் வெல்டரம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மிளகாய்ப்பொடி என்பார்கள். இரண்டுமே அவள் காதுக்கு வந்து சேர்ந்தவைதான். முதல் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். இரண்டாவதற்குக் கையில் இருப்பதை வீசுவாள். ஒருமுறை கையில் சுத்தியல் இருந்தது. எதிர்வரிசை டீக்கடைக்காரரின் பெயர்ப்பலகையில் அந்தப் பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. அவர் பலகையை மாற்றவில்லை, அவள் மன்னிப்பும் கேட்கவில்லை.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தகரக் கொட்டகைப் பட்டறை அவளும் மகளுமாக நடத்தியது. மகள் இரும்பைப் பிடித்தால் அம்மா ஒட்டுவாள், அம்மா பிடித்தால் மகள் ஒட்டுவாள். வேலை நேரத்தில் பேச்சே தேவைப்படாது. கையை நீட்டினால் ஒட்டுகிற வெல்டிங் ராடு வந்துவிடும். அப்படிப்பட்ட பெண், தேனீ வளர்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு, "நாங்க மேட்டுக்கே போயிடலாம்னு இருக்கோம்மா" என்று வந்து நின்றால் பெற்றவளுக்கு வயிறு எரியாதா? எரிந்தது. எரிகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

மேடு என்பது ஊருக்கு வெளியே இருந்த பாறைக்காடு. அங்கே புதர்கள் பூக்கும் பருவம் வந்துகொண்டிருந்தது. தேன்காரன் தன் தேனீப் பெட்டிகளைப் பூ உதிர்வதற்குள் மேலே ஏற்றியாக வேண்டும். தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே புருஷனும் பெண்டாட்டியும் கிடக்க வேண்டியதுதான். மேலே போக ஜீப் இருந்தது. பெட்டிகளை இழுத்துப் போக டிரெய்லர்தான் இல்லை.

"ஒண்ணு பண்ணிக் குடும்மா."

"உன்னை வழியனுப்ப நானே வண்டியும் கட்டணுமா? வேற எவன்கிட்டயாவது போய்ப் பண்ணிக்கோ."

மகள் போனாள். மறுநாள் வேறொரு பட்டறைக்காரன் வரைந்து கொடுத்த படத்தோடு வந்தாள். வெல்டரம்மா அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இது என்ன, பொம்மை வண்டியா? இந்தச் சக்கரம் ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டுச்சுன்னா அச்சு முறிஞ்சு, புருஷனும் பெண்டாட்டியும் உருண்டு என் வாசல்லயே வந்து விழுவீங்க. எடுத்துட்டுப் போ!"

படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அன்றைக்கே பழைய சாமான் கடைக்குப் போனாள். ஏதோ ராட்சத வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் இடுப்புயரம் இருந்தது ஒவ்வொன்றும். "இவ்வளவு சின்ன வண்டிக்கு இவ்வளவு பெரிய காலா?" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். அவள் சுத்தியலைத் தேடினாள். அவர் உள்ளே போய்விட்டார்.

வேலை நடந்த நாளெல்லாம் அந்தக் கொட்டகையில் நிம்மதி இல்லை. இரும்புச் சேனலை வெட்டினாள், சட்டத்தைக் கூட்டினாள், மகளைத் திட்டினாள். பெரிய டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் கல்லின் மேல் மெத்து மெத்தென்று ஏறி இறங்கும், பெட்டிக்குள் பூச்சிக்கு அதிர்ச்சி போகாது என்று அவளே யோசித்துச் செய்தாள். அந்தப் பூச்சிகள் மேல் காட்டிய கரிசனத்தில் கால்பங்கு மருமகன் மேல் காட்டவில்லை. அவனோடு பேசுவதில்லை என்று முடிவுகட்டியிருந்தாள். அவன் வந்து "அத்தை" என்று நின்றால், இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் போட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் யார் என்ன பேச முடியும்?

கடைசியாக மூக்கு பாக்கி இருந்தது. டிரெய்லரின் முன்னால் நீண்டு, கீழே இறங்கி, ஜீப்பின் கொக்கியில் போய் மாட்டும் சட்டத்துக்குப் பட்டறையில் அதுதான் பெயர். கொக்கியின் உயரத்துக்குச் சரியாக அதை இறக்கினால்தான் வண்டி மட்டமாக நிற்கும். ஜீப்போ மேட்டில் குடிசை போடும் சாமான் ஏற்றப் போயிருந்தது. மகள் அங்கே போய்விட்டு வந்து சொன்னாள்.

"டேப்பு எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்மா. கொக்கி தரையிலருந்து சரியா மூணு சாண்."

தேன்காரனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஜீப்பை வரச்சொல்லி இருக்கலாம். அதற்கு அவனோடு பேச வேண்டுமே! வெல்டரம்மா தன் கையை விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை மூன்று முறை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டாள். மகள் கையும் அவள் கையும் ஒரே அளவு. ஒரே ஜோடிக் கையுறையைத்தான் இத்தனை வருஷமாக மாற்றி மாற்றிப் போட்டார்கள். இதில் என்ன சந்தேகம்? நெருப்பு பறக்க ஒட்டி முடித்தாள்.

கிளம்பும் நாள் காலையில் மூக்குக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, பெட்டிகளை ஏற்றினார்கள். வாசலைக் கம்பிவலையால் அடைத்த பெட்டிகள் உள்ளே இருந்து உறுமிக்கொண்டிருந்தன. வெல்டரம்மாவும் அப்படித்தான் இருந்தாள். கனமானதெல்லாம் அச்சுக்கு முன்னால், லேசானது பின்னால் என்று அவள் கத்திக் கத்தி ஏற்றச் செய்தாள். பிறகு ஜீப் பின்னோக்கி வந்தது. கொக்கி, மூக்குக்கு மேலே ஒரு கைப்பிடி உயரத்தில் வந்து நின்றது.

எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன வேடிக்கை? தூக்கி மாட்டுங்க, ஓடும்!" என்றாள். தப்பு என்று கண்ணுக்கு எதிரே தெரிந்தும் சொன்னாள். அவள் சுபாவம் அது.

டீக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தம் கட்டித் தூக்கி மாட்டினார்கள். டிரெய்லர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் உட்கார்ந்தபடி புறப்பட்டது. தெருமுனை ஏற்றத்தில் பெட்டிகள் மொத்தமும் பின்னால் சாய்ந்தன. கயிறு முறுக்கிக்கொண்டது. பின்பாரம் கொக்கியை மேலே நெம்ப, ஜீப்பின் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கி, மொத்த வண்டியும் இடமும் வலமும் ஆடியது. தேன்காரன் மெல்ல மெல்லப் பின்னுக்கு விட்டு, பட்டறை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

"வெல்டரம்மாவுக்கே மூக்கறுப்பா?" என்று யாரோ கேட்டது அவள் காதில் விழுந்தது. அதற்குத் திரும்பக்கூட அவளுக்குப் பொழுதில்லை. டேப்பை எடுத்துக் கொக்கியின் உயரத்தை அளந்தாள். தன் சாணை அளந்தாள். மறுபடி கொக்கியை அளந்தாள்.

"மூணு சாண்னு சொன்னியேடி! யார் சாண்?"

"அவர் கையாலதாம்மா அளந்தோம்."

"உன் கை எங்க போச்சு? உன் கைக்கு என்ன கேடு?"

மகளுக்கும் கோபம் வந்தது. அவளும் மிளகாய்ப்பொடி பெற்ற பெண்தானே. "வண்டி அவரோடது, அளந்தது அவர். நீ ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டிருந்தா இது வந்திருக்குமா? எதுக்கெடுத்தாலும் என் கையையே புடிச்சிட்டு இருந்தா எப்படிம்மா?"

வெல்டரம்மா டேப்பை மெல்ல, ஒழுங்காகச் சுருட்டி வைத்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது பயமாக இருந்தது.

தேன்காரன் தயங்கித் தயங்கி வந்தான். "பரவால்ல அத்தை. பெட்டியெல்லாம் இறக்கி இங்கயே வெச்சிடறோம். வெயில்ல ரொம்ப நேரம் அடைச்சு வெச்சா பூச்சி செத்துடும். மேடு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் இத்தனை நாளாகக் கத்திக் கேட்டது தானாகவே மடியில் வந்து விழுந்தது. அடுத்த வருஷம். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் போதும். இடுப்பு வலிக்கிறது, ராடு இல்லை, கரண்டு இல்லை என்று ஏதாவது சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? மகள் இங்கேயே இருப்பாள். கையை நீட்டினால் ராடு வரும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையைப் பார்த்து அவளுக்கே அவள் மேல் ஆத்திரம் வந்தது. தன் தப்பை வைத்து மகளைக் கட்டிப்போடுவதா? தூ!

"மாப்ளே!" என்று கத்தினாள். அவனை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதையும் அதட்டலாகத்தான் கூப்பிட்டாள். "கையை நீட்டுங்க!"

அடிக்கப் போகிறாள் என்றே அவன் நினைத்திருப்பான். இருந்தாலும் நீட்டினான். அவள் தன் உள்ளங்கையை அவன் உள்ளங்கை மேல் வைத்து விரல்களை விரித்தாள். அவன் விரல்கள் இரண்டு பக்கமும் மிஞ்சி நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய கையை வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து அளவு சொல்ல மாட்டீங்களா? நான் திட்டுனா திட்டிட்டுப் போறேன், நீங்க சொல்லணுமா இல்லையா? பெட்டியை எல்லாம் நிழல்ல இறக்குங்க. சாயங்காலத்துக்குள்ள மூக்கை வெட்டி ஒட்டித் தர்றேன்."

வெட்டினாள். இறங்கிய சட்டத்தில் மிஞ்சியதை அறுத்தெறிந்து, இரண்டு பக்கமும் தகடு வைத்து ஒட்டினாள். ஒருமுறை பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டினாள். ராடு வந்தது. வந்த கை பெரியதாக இருந்தது. அவள் வாங்கி வேலையைப் பார்த்தாள்.

மறுபடி பாரம் ஏற்றியபோது கொக்கி சொன்னபடி கேட்டது. எல்லாம் ஏற்றி முடித்ததும் வெல்டரம்மா உள்ளே போய், பட்டறையில் இருந்த இரண்டு வெல்டிங் மெஷின்களில் புதியதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, டிரெய்லரின் முன்மூலையில் தொப்பென்று வைத்தாள்.

"அம்மா, அது எதுக்கு?"

"மூக்குல பாரம் பத்தலை. இல்லைன்னா மறுபடி ஆடும்."

"அப்ப இங்க உனக்கு?"

"எனக்குப் பழசு இருக்கு. வாயை மூடிக்கிட்டுக் கயிறைக் கட்டு. போறதுன்னா ஒழுங்கா போய்த் தொலைங்க!"

மகள் அழுதுகொண்டே கயிற்றைக் கட்டினாள். ஜீப் கிளம்பியது. வெல்டரம்மா வாசலில் நின்று, வண்டியைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் பார்த்தாள். தெருமுனை ஏற்றம் வந்தது. பெரிய சக்கரங்கள் குழியில் இறங்கி, ஏறி, நேராகப் போயின. ஒரு சாய்வு, ஓர் உலுக்கல் வந்திருந்தால் கூப்பிட்டு நிறுத்தியிருப்பாள்.

"கொஞ்சம்கூட ஆடலையே வெல்டரம்மா!" என்றார் டீக்கடைக்காரர் சந்தோஷமாக.

"தெரியுதுய்யா!" என்று கத்திவிட்டு அவள் உள்ளே போனாள். கையில் சுத்தியல் இருந்தும் அவள் வீசவில்லை.